துண்டு நனையவே இல்லை: வீட்டுப் பராமரிப்புக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

தம்பிக்குப் பிறவியிலேயே செரிபிரல் பால்ஸி, அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத நிலை. 31 வயது, 70 கிலோ. இத்தனை வருடமும் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டியது அம்மாதான். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதும் வீடே நிலைகுலைந்து போனது. எனக்கோ ஷிப்ட் வேலை. அந்த அவசரத்தில் ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

20 வருகை, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். மொத்தம் 1,200 வெள்ளி, முழுவதும் முன்பணம். “அக்கா, முதல்ல பேநவ் பண்ணிடுங்க. மானியத்துல பாதி திரும்பி வந்துடும், நாங்களே எழுதிப் போட்டுத் தர்றோம்” என்றார் பேசிய பெண். நல்ல தமிழில் அக்கா அக்கா என்றதில் மயங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

மானியம் அப்படி வராது. அரசாங்க ஆதரவுள்ள வீட்டுப் பராமரிப்புச் சேவைக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக விண்ணப்பம் போக வேண்டும். வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். அதுவும் அந்தத் திட்டத்தில் உள்ள அமைப்புகளிடம் மட்டும்தான். இந்த நிறுவனம் அதில் இல்லவே இல்லை. குடைந்து கேட்டபோது அந்தப் பெண் சொன்னது இல்லப் பராமரிப்பு மானியமாம். அது வேறு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் துணை தேவைப்படுபவருக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் ரொக்கம். குடும்ப வருமான வரம்பும் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 600 வெள்ளி வரை உயர்த்துவதாக அறிவித்தார்கள் இல்லையா, அதைத்தான் இவர்கள் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பணம் முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது! இதில் விண்ணப்பம் போட அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் என் சிங்பாஸ் கணக்கு விவரம் வேறு கேட்டார்கள். நல்ல வேளை, கொடுக்கவில்லை.

சரி, வேலையாவது ஒழுங்காக நடந்ததா? ஆறு வருகைக்கு நான்கு முகங்கள். ஒருவர் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமலேயே தம்பியைக் கட்டிலிலிருந்து இறக்கப் பார்த்தார். நாற்காலி பின்னால் நழுவ, அவன் பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகத் தொங்கினான். அம்மா வாக்கரை விட்டுவிட்டு ஓடி வந்து பிடித்தார். அறுவை சிகிச்சை ஆகி ஆறு வாரம்கூட ஆகாத கால்.

ஆறாவது தடவை நான் வேலை முடிந்து வந்தபோது பதிவுத்தாளில் குளியல், பல் துலக்கல், கை கால் பயிற்சி என்று எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. தம்பி மெதுவாகத்தான் பேசுவான். கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டைக் கண்ணால் காட்டி, “நனையவே இல்லக்கா” என்றான். தொட்டுப் பார்த்தேன். காலையில் நான் மடித்துப் போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். “பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது, விதிமுறையில் இருக்கிறது.” அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) அமைப்பிடம் புகார் கொடுத்தேன். அவர்கள் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இப்போது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அனுமதியும் இல்லை.

முன்பணம் கேட்டால் ஒரு வருகைக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். மானியம் என்று பேச்செடுத்தால் எந்த மானியம் என்று பெயரை எழுதி வாங்குங்கள். எஸ்ஜி எனேபலிடம் நீங்களே விசாரியுங்கள். நாங்கள் இப்போது அந்த வழியில்தான் காத்திருக்கிறோம்.

ஆதாரம் தேடியபோது தம்பி தன் போனை நீட்டினான். ஒவ்வொரு வருகையிலும் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் குறித்து வைத்திருந்தான். 2 மணி நேரம் என்று கையெழுத்தான ஒரு நாளில், அவன் கணக்குப்படி 35 நிமிடம்.