வின்ஃபார்ம்ஸ் யூசர் கன்ட்ரோல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மொத்த வணிகக் கடை ஒன்றின் பில்லிங் மென்பொருளைப் பராமரித்துவரும் நண்பர் ஒருவர், வாடிக்கையாளர் முகவரிப் பகுதி ஒவ்வொரு சாளரத்திலும் தனித்தனியாக நகலெடுத்து ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அதை விண்டோஸ் சாளரங்களை உருவாக்க உதவும் வின்ஃபார்ம்ஸில் ஒரே யூசர் கன்ட்ரோலாக, அதாவது பல பெட்டிகளைச் சேர்த்து எந்தச் சாளரத்திலும் வைக்கக்கூடிய ஒரே துண்டாக, மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார். மாற்றலாம். ஆனால் பல ஆண்டுகளாக அதையே செய்துவருபவன் என்ற முறையில், அந்தக் கன்ட்ரோலுக்கு இன்றுவரை நேராகப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி ஒன்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும்: நான் இப்போது பயனரின் திரையில் இருக்கிறேனா, அல்லது நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவில் சாளரங்களை வரைந்து அமைக்கும் டிசைனருக்குள் இருக்கிறேனா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்த இந்த வசதி, அதன் எல்லைக்குள் இன்றும் அருமையாகவே வேலை செய்கிறது. பெயர், தெரு, ஊர், பின்கோடு ஆகியவற்றுக்கான பெட்டிகளை ஒருமுறை அடுக்கி பில்ட் செய்துவிட்டால் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றிவிட்டால்) கன்ட்ரோல் தானாகவே டிசைனரின் கருவிப் பட்டியலான டூல்பாக்ஸில் வந்து நிற்கிறது. இழுத்து எந்தச் சாளரத்திலும் போட்டுக்கொள்ளலாம். டேப் விசை உள்ளிருக்கும் பெட்டிகளில் வரிசையாக இறங்கி, பிறகு சாளரத்தின் அடுத்த பெட்டிக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது இதன் அருமை முழுமையாகப் புரிந்தது. 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண்ணுக்கான பெட்டியையும், அதன் முதல் இரண்டு இலக்கங்கள் தேர்ந்தெடுத்த மாநிலத்தோடு ஒத்துப்போகின்றனவா (தமிழ்நாட்டுக்கு 33) என்று பார்க்கும் சோதனையையும் ஒரே இடத்தில் எழுதினேன். விற்பனை, கொள்முதல், சரக்குத் திரும்பல் என எல்லாச் சாளரங்களிலும் அவை வந்து சேர்ந்தன. நகலெடுத்து ஒட்டியிருந்தவர்கள் அந்த மாதம் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். மாநிலங்களின் பட்டியல் தரவுதளத்திலிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை நிரப்பும் நிரலை எவரும் இயல்பாகக் கன்ட்ரோல் திரைக்கு வரும்போது ஓடும் லோட் நிகழ்வில்தான் எழுதுவார். கன்ட்ரோலை மட்டும் டிசைனரில் திறந்தால் ஒரு குறையும் தெரியாது. ஏனெனில் அப்போது டிசைனர் கன்ட்ரோலுக்காக நாம் எழுதிய நிரல் வார்ப்பான கிளாஸை உருவாக்குவதே இல்லை. அதன் தாய் கிளாஸான வெறும் யூசர் கன்ட்ரோலை உருவாக்கிக்கொண்டு, பெட்டிகளின் அமைப்பு எழுதப்பட்டிருக்கும் நம் இனிஷியலைஸ்காம்பொனென்ட் பகுதியை வரிவரியாகப் படித்துப் பெட்டிகளை அடுக்கிக் காட்டுகிறது. அதே கன்ட்ரோலை விற்பனைச் சாளரத்தில் வைத்ததும் கதை மாறுகிறது. இப்போது பில்ட் ஆன நம் கிளாஸே உயிர்பெறுகிறது. கிளாஸை உருவாக்கும் நிரலான கன்ஸ்ட்ரக்டர் ஓடுகிறது, லோட் ஓடுகிறது, பந்தல்கால் நடும் நாளிலேயே சமையல்காரர் உலையேற்றுவதைப் போல மாநிலப் பட்டியலைத் தேடித் தரவுதளத்துக்கும் கிளம்பிவிடுகிறது. தரவுதளத்தின் இணைப்பு விவரம் நம் மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது. டிசைனர் ஓடுவதோ வேறொரு நிரலுக்குள். எனவே இணைப்பு கிடைக்காமல், சாளரம் இருக்க வேண்டிய இடத்தில், தரவு இழப்பைத் தவிர்க்க முதலில் இந்தப் பிழைகளைச் சரிசெய்க என்று அறிவுரை கூறும் பக்கம் வந்து நிற்கிறது. பிழை இருப்பது கன்ட்ரோலில், திறக்க மறுப்பதோ சாளரம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அரை நாளைச் சாளரத்தின் நிரலிலேயே தேடிக் கழிப்பார்.

டிசைனருக்குள் இருக்கிறோமா என்று சொல்வதற்கென்றே டிசைன்மோட் என்ற பண்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. டிசைனர் ஒரு கன்ட்ரோலை உருவாக்கி முடித்த பிறகே அதற்கு சைட் எனப்படும் இணைப்பைத் தருகிறது, டிசைன்மோட் அந்த சைட்டைப் பார்த்துத்தான் விடை சொல்கிறது. ஆகவே கன்ஸ்ட்ரக்டருக்குள் கேட்டால் எப்போதும் இல்லை என்றே சொல்லும். கன்ஸ்ட்ரக்டருக்குள் சரியான விடை வேண்டுமென்றால் லைசென்ஸ்மேனேஜர் என்ற கிளாஸின் யூசேஜ்மோட் பண்பைக் கேட்க வேண்டும். அதுவோ கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறது. லோடில் கேட்டால் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு சாட்சிகள், இருவரும் பாதி நேரம் மட்டுமே உண்மை பேசுபவர்கள். உரிமம் சரிபார்க்கும் கிளாஸிடம் போய் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க வேண்டிய நிலையை எந்தப் புது நிரலாளருக்கும் முகம் கோணாமல் விளக்க என்னால் முடிந்ததில்லை.

முகவரிக் கன்ட்ரோலை வாடிக்கையாளர் விவரக் கன்ட்ரோலுக்குள் வைத்து, அதைச் சாளரத்தில் வைத்தால் இன்னும் மோசம். டிசைனர் தான் நேரடியாக உருவாக்கும் வெளிக் கன்ட்ரோலுக்கு மட்டுமே சைட் தருகிறது. உள்ளே இருப்பது டிசைன்மோடை எப்போது கேட்டாலும் இல்லை என்ற விடையே கிடைக்கும். தன்னைத் தாங்கும் தாய்க் கன்ட்ரோல்களை ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்துக் கேட்கும் சிறு நிரலை ஒவ்வொரு திட்டத்திலும் எழுதிவந்தோம். அந்த வேலையைச் செய்யும் பண்பு புதிய டாட்நெட்டில் வந்துவிட்டது. நண்பருடைய மென்பொருள் ஓடும் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-இல் அது கிடையாது.

நியாயமாகப் பார்த்தால் டிசைனர் நம் நிரலை ஓட்டுவதில் தவறில்லை. ஓட்டாவிட்டால் கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் தெரியும். அகலத்தை மாற்றும்போது பெட்டிகள் எப்படி நீள்கின்றன என்பதை அங்கேயே காண முடிவதும் அதனால்தான். புதிய டாட்நெட்டுக்கான டிசைனர் தனிப் புராசஸில் ஓடுவதால், கன்ட்ரோல் செய்யும் அட்டகாசத்தில் விஷுவல் ஸ்டுடியோவே சரிந்து விழும் அபாயமும் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். எங்கே இருக்கிறோம் என்ற ஒரு வரி விடையை முதல் பதிப்பிலேயே ஒழுங்காகத் தந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. முகவரிப் பகுதியைக் கன்ட்ரோலாக மாற்றுங்கள். ஆனால் அதன் கன்ஸ்ட்ரக்டரிலோ லோடிலோ தரவுதளம், கோப்பு, நெட்வொர்க் எதையும் தொடாதீர்கள். மாநிலப் பட்டியலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் பப்ளிக் மெத்தட் (பிற நிரல்கள் அழைக்கக்கூடிய நிரல் பகுதி) ஒன்றை எழுதி, அதைச் சாளரத்தின் லோடிலிருந்து அழையுங்கள். டிசைனரில் திறந்திருக்கும் சாளரத்தின் சொந்த லோட், முன்பு சொன்ன அதே காரணத்தால் (டிசைனர் உருவாக்குவது அதன் தாய் கிளாஸை மட்டுமே), அங்கே ஓடாது. டிசைன்மோடைக் கேட்கும் தேவையே எழாது. கன்ட்ரோலுக்குள் கன்ட்ரோல் என்று அடுக்குவதாக இருந்தால் டிசைனரை நம்பாமல், வெற்று பேனல் (மற்ற கன்ட்ரோல்களைத் தாங்கும் காலிப் பகுதி) ஒன்றை வைத்து, மென்பொருள் ஓடும்போது நிரல் வழியாக அதில் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஐந்துக்கு நான்கு மதிப்பெண்ணாவது தர வேண்டும்தான். நேற்று மாலை இன்னொருவர் எழுதிய கன்ட்ரோலால் விற்பனைச் சாளரம் மறுபடியும் திறக்க மறுத்தது. ஆகவே இன்றைக்கு இரண்டு.