போர்வையா, பணமா? டிட்வா புயலுக்குப் பிறகு எங்கள் சபை எடுத்த முடிவு

2025 டிசம்பர் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நவம்பர் 28 அன்று டிட்வா புயல் இலங்கையில் கரையேறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியிருந்தது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்த படங்கள் எல்லார் கைப்பேசியிலும் வந்துகொண்டே இருந்தன. நுவரெலியா, பதுளைப் பக்கம் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் எங்கள் மதுரைச் சபையிலேயே மூன்று உண்டு. உதவ வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. பொருளாக அனுப்புவதா, பணமாக அனுப்புவதா என்பதில்தான் கூட்டம் மதியம் மூன்று மணி வரை இழுத்தது.

எங்களுடையது பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சபை. பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் கிடையாது, மேலிருந்து உத்தரவும் வராது. ஒவ்வொரு சபையும் அங்கத்தினர் கூட்டத்தில் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும். அதனால் எங்களைப் போன்ற சின்னச் சபைகள் எல்லாமே இந்தக் கேள்வியைத் தனியாகத்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது. நான் பணத்துக்குக் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பொருள் அனுப்புவதன் நன்மைகள் தெரிந்தவைதான். விளக்குத்தூண் பக்கம் போர்வை மொத்த விலைக்குக் கிடைக்கும், கீழமாசி வீதியில் அரிசி பருப்பு வாங்கலாம். துண்டு ஒன்று கொண்டுவரும் பாட்டி முதல் சோப்பு வாங்கி வரும் பிள்ளை வரை எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கட்டு கட்டாக அடுக்கி வைத்து ஜெபம் பண்ணி அனுப்பும்போது வருகிற மனநிறைவு, வங்கியில் கையெழுத்துப் போடும்போது வராது.

ஆனால் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஒரு வண்டி துணியோடு மதுரையிலிருந்து நாகப்பட்டினம் போனவர்களில் நானும் ஒருவன். சாலையோரம் முழங்கால் உயரத்துக்குத் துணி குவிந்து கிடந்தது. ஈரத்தில் ஊறி, மண் அப்பி, பட்டுச் சேலையும் கம்பளிச் சட்டையும் கிழிந்த பள்ளிச் சீருடையும் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் வண்டியை எங்கே நிறுத்தி இறக்குவது என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு மீனவப் பெண் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி பிடிக்க ஒரு கொடம் இருக்காண்ணே?" என்று கேட்டார். எங்களிடம் 40 மூட்டை துணி இருந்தது, குடம் இல்லை.

அது நம் மாநிலத்துக்குள், ஒரே நாள் பயணத்தில் போகிற ஊர். கடல் கடந்தால் என்ன ஆகும்? நான் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள், இறங்கிய பிறகு ஆகும் செலவைப் பாருங்கள். நிவாரணப் பொருளே ஆனாலும், பெற்றுக்கொள்பவர் யார் என்று பெயர் குறித்து அந்த நாட்டு அரசின் அனுமதி வாங்கியிருந்தால்தான் வரியில்லாமல் சுங்கத்திலிருந்து வெளியே வரும். அனுமதி தாமதமானால் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். வெளியே எடுத்தாலும் கொழும்பிலிருந்து மலைக்கு லாரி பிடிக்க வேண்டும். அப்போது மலையகச் சாலைகள் பல இடங்களில் உடைந்திருந்தன, ரயில் பாதையும் அறுந்து கிடந்தது. மேலே கொண்டுபோனால் மழை படாமல் வைக்க இடம் வேண்டும், பிரித்து அளந்து கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் யார்? வீடு இழந்த அதே சபை மக்கள். உதவி என்று சொல்லி அவர்கள் தலையிலேயே இன்னொரு வேலையை ஏற்றி வைக்கிறோம்.

அரசு அனுப்புவது வேறு விஷயம். இந்திய அரசு 'ஆபரேஷன் சாகர் பந்து' என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலும் மீட்புக் குழுவையும் பொருளையும் உடனே அனுப்பியது. தமிழக அரசும் டிசம்பரில் சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்கள் வழியாக நிவாரணப் பொருள் அனுப்பியது. முதல் வாரத்தில் கடையே திறக்காத இடத்துக்குப் பொருள்தான் வேண்டும், பணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த அளவும் வேகமும் அரசாங்கத்துக்குத்தான் வரும். 120 குடும்பம் உள்ள ஒரு சபை அதைச் செய்துபார்க்கக் கூடாது.

பணத்தின் பக்கம் என் மனம் சாய்ந்தது ஒரு தொலைபேசி உரையாடலில். இலங்கையில் பாப்டிஸ்ட் ஊழியம் 1812-இல் தொடங்கியது. மலையகத்தில் தமிழ் பேசும் சபைகளும் உண்டு. எங்கள் அங்கத்தினர் ஒருவரின் உறவுக்காரர் வழியாக அங்கே ஒரு போதகரிடம் பேசினேன். "அரிசி அனுப்பட்டுமாங்க ஐயா?" என்றேன். "அரிசி கெடச்சிருச்சு ஐயா. ஆக்கத்தான் சட்டி பானை இல்ல. லயத்துல இருந்த அடுப்பெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. மூட்டை அரிசியைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூட முகாமில் 38 குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. மதுரையிலிருந்து யோசித்து யாரால் இதைக் கண்டுபிடிக்க முடியும்?

பணம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் பக்கத்து டவுன் கடையின் பில் வாட்ஸ்அப்பில் வந்தது. பானை, அகப்பை, மண்ணெண்ணெய் அடுப்பு, தாச்சி. தாச்சி என்றால் நம்மூர் இருப்புச் சட்டி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைக்காரருக்கும் புயலில் வியாபாரம் படுத்திருந்ததாம். அங்கே செலவான பணம் அவரையும் கொஞ்சம் தூக்கி நிறுத்தியிருக்கும்.

பணத்தில் சிக்கல் இல்லாமல் இல்லை. சபை அறக்கட்டளைப் பணத்தை நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வருமான வரி விலக்கில் கை வைத்துவிடும். அந்தத் தொகைக்கு விலக்கு வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆகவே குடும்பங்கள் தனித்தனியாகத் தங்கள் வங்கியில் பான் எண்ணைக் கொடுத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி, வெளிநாட்டு மதத் தொண்டு அமைப்புக்கு நன்கொடை என்று குறித்து அனுப்பினோம். தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆகவே வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்கவில்லை. வங்கிக் கட்டணம் எனக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது, 5,000 அனுப்பினாலும் 50,000 அனுப்பினாலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே 200, 300 என்று கொடுத்தவர்களின் காணிக்கையை அனுப்ப வழி இருக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கூட்டத்தில் அவர்களிடமே கேட்டு, சம்மதம் வாங்கி, ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்தோம். அவர்கள் நினைத்துக் கொடுத்த இடத்துக்கு அது போகவில்லை என்பது உண்மைதான்.

இன்னொரு வழியும் உண்டு. 1905-இல் லண்டனில் உருவான பாப்டிஸ்ட் உலகக் கூட்டமைப்பின் நிவாரணப் பிரிவு, அந்தந்த நாட்டுப் பாப்டிஸ்ட் சங்கங்கள் வழியாக உதவுகிறது. அதன் வழியாக நான் அனுப்பிப் பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கம் மாதிரியான இடத்துக்கு அதுதான் ஏற்றது என்று தோன்றுகிறது. அங்கே பாப்டிஸ்டுகள் ஏராளம். ஆனால் உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டுக்கு மதுரை வங்கிக் கிளையிலிருந்து பணம் அனுப்பி, அது சேர்ந்ததா என்று யாரிடம் போய்க் கேட்பது? என் அனுபவம் முழுக்க இலங்கையை வைத்து. தொலைபேசியில் தமிழில் பேசி, பில்லைத் தமிழில் வாங்கிப் பார்க்க முடிந்தது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

பைபிளில் வரும் அந்தியோகியாச் சபைகூட யூதேயாவின் பஞ்சத்துக்குக் காணிக்கை சேர்த்து பர்னபா, சவுல் கையில்தான் கொடுத்தனுப்பியது என்று அன்றைக்கு ஒரு பெரியவர் எழுந்து சொன்னார். நம்பிக்கையான கை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள் என்றார். வாக்கு எடுத்தோம்: பணத்துக்கு 71, பொருளுக்கு 44. பொருளுக்குக் கை தூக்கிய ஒரு அக்கா மறுநாளே வங்கிக்குப் போய் முதல் ஆளாகப் படிவத்தை நிரப்பினார்.

போன வாரம் போதகர் இன்னொரு படம் அனுப்பியிருந்தார். முகாமிலிருந்து தற்காலிக வீட்டுக்கு மாறிய ஒரு குடும்பம். வாசலில் கரி பிடித்த ஒரு பானை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தாச்சி.