பார்சலா, பாடமா: லயத்து வீட்டிலிருந்து ஒன்லைன் தொழில்

இரண்டு வருடம் பேஸ்புக்கில் உடுப்பு விற்றேன். அதை விட்டுவிட்டு இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டையும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீட்டில் இருந்தபடிதான் செய்தேன். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சிமார் "எதை அக்கா தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். பாடம்தான் என்பது என் பதில். ஆனால் எல்லோருக்கும் அது சரிவராது, அதையும் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. கடை வாடகை இல்லை, பஸ் செலவு இல்லை, அடுப்பில் சோறு வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சிக்னல் மட்டும் பெரிய வித்தியாசம். 2021இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்று பாடம் படித்ததை நாம் பார்த்தோம். உடுப்பு விற்க அந்த மேட்டுச் சிக்னல் போதும். படத்தைப் போட்டுவிட்டு இறங்கி வந்து, பின்னேரம் போய் பதில் எழுதலாம். பாடத்துக்கு அது ஆகாது. முக்கால் மணி நேரம் ஸூம் அறுபடாமல் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் ரவுட்டரை வைத்தால் மட்டும் பிடிக்கும். அந்த ஜன்னலை நம்பித்தான் நான் தொடங்கினேன்.

வீட்டிலிருந்தே லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம், முதலில் இவ்வளவு கட்டு, பிறகு இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்று வட்ஸ்அப்பில் வருவதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். பொருள் விற்ற காசு இல்லாமல், ஆள் சேர்த்த காசில் ஓடும் திட்டம் இலங்கையில் குற்றம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது; மத்திய வங்கியும் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. தோட்டத்தில் இதில் ஒருவர் விழுந்தால் அக்கா, தங்கை, மச்சாள் என்று லயமே விழும். சேர்க்கச் சொல்வது சொந்தக்காரர்களைத்தானே.

சரி, உடுப்புக்கு வருவோம். புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து, படம் பிடித்துப் போட்டு, ஓடர் வந்தால் கூரியரில் அனுப்புவேன். சாமான் கைக்குக் கிடைத்த பிறகுதான் வாங்குபவர் காசு கொடுப்பார். கேட்க நல்ல ஏற்பாடுதான். என் கொப்பியில் இருக்கும் ஒரு வாரத்துக் கணக்கைப் பாருங்கள். சுடிதார் ஒன்று 2,400 ரூபாய்க்கு எடுத்து 3,200க்கு விற்றேன். கூரியர் 400 வாங்குபவருடையது. பத்து பார்சல் போனது, மூன்று திரும்பி வந்தது. ஒருவர் போனை எடுக்கவில்லை, இன்னொருவர் "வேணாம்" என்றார், மற்றவர் ஊரிலேயே இல்லை. ஏழில் கிடைத்த லாபம் 5,600. திரும்பிய மூன்றுக்கும் கூரியர் காசு 1,200 என் தலையில். பேஸ்புக் விளம்பரத்துக்கு 2,000. மிஞ்சியது 2,400 ரூபாய், ஒரு சுடிதாரின் கொள்முதல் விலை.

லாபம் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உடுப்பை நான் கைவிடக் காரணம் காசு போய்த் திரும்பும் வழி. சாமான் எடுக்கப் போட்ட 24,000 சீட்டுக் காசு. ஏழு பேர் கொடுத்த காசு கூரியர் கொம்பனியில் தங்கி, இரண்டு வாரம் கழித்துத்தான் என் கணக்குக்கு வந்தது. மற்ற மூன்று சுடிதாரில் 7,200 ரூபாய் பெட்டிக்குள் கிடந்தது. அதற்கிடையில் சீட்டுக் கட்டும் நாள் வந்துவிடும். உழைத்த காசு கொப்பிக் கணக்கில் இருந்தும் கையில் இல்லாமல், பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்ட நாட்கள் எனக்கு உண்டு. சம்பள நாளுக்குச் சம்பள நாள் ஓடும் வீட்டுக்கு இந்த இரண்டு வாரம் மிக நீளம்.

பாடத்தில் இந்த வழி நேராக இருக்கிறது. மாதம் தொடங்கும் முன்பே பெற்றோர் கட்டணத்தை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வாரம் இரண்டு வகுப்பு, மாதம் 8,000 ரூபாய். இப்போது ஆறு பிள்ளைகள், 48,000. இணையத்துக்கு மாதம் 4,000க்குள் போகிறது. என் காசு எங்கும் முடங்குவதில்லை, திரும்பி வரவும் ஒன்றுமில்லை. டித்வா புயலில் 2025 நவம்பர் கடைசியில் மண்சரிவால் பாதைகள் மூடியபோது, உடுப்பு விற்கும் என் கூட்டாளியின் பதினான்கு பார்சல்கள் வழியில் மாட்டின. கரண்டும் சிக்னலும் போய் எனக்கும் வகுப்பு நின்றதுதான். கரண்டும் சிக்னலும் வந்த அன்றே நான் தொடங்கினேன். அவள் பாதை திறக்கும் வரை காத்திருந்தாள்.

ஆனால் முதல் மூன்று மாதமும் எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான். உடுப்பில் முதல் வாரமே காசைக் கண்டேன், இதில் அப்படி இல்லை. அந்த முதல் பிள்ளையும் உடுப்பால் வந்ததுதான். கொழும்பில் என்னிடம் வாங்கிய ஓர் அக்காவின் தங்கை லண்டனில் இருந்தார். அவர் கேட்டது இவ்வளவுதான்: "டீச்சர், பிள்ளை அப்பம்மாவோட கதைக்கோணும்." அதனால் 247 எழுத்தையும் முதலில் ஒப்புவிக்கச் சொல்லும் முறையை விட்டுவிட்டேன். அப்பம்மாவிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்பதிலிருந்து தொடங்கினோம். கேட்டுச் சொன்னவர்கள் வழியாகத்தான் மற்ற ஐந்து பேரும் வந்தார்கள்.

பேச்சு வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பெற்றோர் வடக்கைச் சேர்ந்தவர்கள். மலையகத்து ஆள் என்றதும் தயங்கிய ஒரு தாயும் இருந்தார். நான் முதல் வகுப்பை இலவசமாக எடுத்தேன், அவரும் பக்கத்தில் இருந்து கேட்டார். வடக்கின் "கதைக்கிறது", எங்கள் "பேசுறது" இரண்டும் தமிழ்தான் என்று பிள்ளைக்கு இரண்டையும் சொல்லிக் கொடுக்கிறேன். அது எனக்குச் சந்தோஷமான வேலை.

நேரம்தான் கஷ்டம். லண்டனில் பின்னேரம் 5 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரம் ஒருமுறை நானே தவறவிட்டேன். டொரொன்டோ பிள்ளைகள் பரவாயில்லை. அவர்களின் சனி காலை 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. ஓகஸ்டில் லண்டனில் பள்ளி விடுமுறை என்பதால் அந்த மாதம் வருமானம் பாதிக்கும் கீழே போகிறது. லயத்தில் சுவர் ஒன்றுதான். இரவு பத்தரைக்கு நான் படிப்பிக்கும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கொழுந்துக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா விடிய எழும்ப வேண்டும். அவரிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன்.

யூடியூபும், ஒன்லைனில் சின்னச் சின்ன வேலை செய்து கொடுக்கும் ஃபைவரும் நான் செய்து பார்க்காதவை, தம்பி செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டி 10 டொலர் சேர்ந்ததும் விலாசத்தைச் சரிபார்க்க கூகுள் தபாலில் ஒரு பின் இலக்கம் அனுப்பியது. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் ஏது? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து, யாரோ சொல்லித்தான் கைக்குக் கிடைத்தது. அதன் பிறகும் 100 டொலர் சேர்ந்தால்தான் காசு. ஃபைவரில் 100 டொலர் வேலைக்கு 80தான் நமக்கு. அதை, வெளிநாட்டுக் காசை வாங்கித் தரும் பயோனியர் சேவை வழியாக வங்கிக்கு எடுக்க வேண்டும். தம்பி ஃபைவரில் நல்ல இடத்துக்கு வரக்கூடும். இரண்டு மாதமே ஆகிறது, இப்போதே ஒன்றும் சொல்லமாட்டேன்.

வீட்டுக்குள் சிக்னல் பிடிக்காத தங்கச்சிக்கு நான் இன்னும் உடுப்பைத்தான் சொல்வேன். ஆனால் கூரியர் காசு 400ஐ ஈசி கேஷில் (போன் வழியாகக் காசு அனுப்பும் சேவை) முன்கூட்டியே வாங்கிவிட்டு அனுப்புங்கள். கடைசி நான்கு மாதம் நான் அப்படித்தான் செய்தேன். ஓடர் பாதியாகக் குறைந்தது, திரும்பி வந்தது இரண்டே பார்சல்.