மஞ்சள் பாட்டிலோடு வருபவரிடம் போர்டைக் கொடுக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். பழைய போர்டிலிருந்து தங்கம் எடுத்துத் தருவதாக வந்த ஒருவரிடம் 40 கிலோ போர்டையும் 85,000 ரூபாயையும் இழந்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் என் கடை. கழற்றிய மதர்போர்டு, ராம், பிராசஸர் எதையும் காயலாங்கடைக்குப் போடாமல் மூட்டை கட்டி வைத்திருந்தேன். வந்தவர் முதலில் காசே கேட்கவில்லை. "அரை கிலோ மட்டும் கொடுங்க சார், உங்க கண்ணு முன்னாடியே எடுத்துக் காட்டுறேன்" என்றார். கடைக்குப் பின்னால் வைத்து நைட்ரிக் ஆசிட்டையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் கலந்தார். அந்த ராஜ திராவகம் தங்கத்தைக் கரைக்கும் என்பது உண்மைதான். கூடவே ஒரு சின்ன பாட்டிலிலிருந்து மஞ்சளாக எதையோ ஊற்றினார். "வேகமா இழுக்கிறதுக்கு" என்றார். வடிகட்டி, கரைந்த தங்கத்தைப் படிய வைக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் உப்பைப் போட்டதும் பழுப்புத் தூள் அடியில் படிந்தது. வெண்காரம் சேர்த்து உருக்கியதில் 1.2 கிராம் உருண்டை. பாடலீஸ்வரர் கோயில் பக்கம் தெரிந்த பத்தரிடம் நானே கொண்டுபோனேன். உரைத்துப் பார்த்து, சுத்தத் தங்கம் என்றார்.

அதோடு சந்தேகம் போய்விட்டது. மொத்தத்துக்கும் கெமிக்கல் வாங்கப் பணம் கொடுத்தேன். மூட்டைகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த உருண்டையையும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப்.

கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். ஒரு டன் பழைய மொபைல் போனில் சுமார் 300 கிராம் தங்கம் இருக்கும் என்பார்கள். கிலோவுக்கு 0.3 கிராம். மதர்போர்டில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அரை கிலோவில் 1.2 கிராம் எப்படி வரும்?

அந்தச் சின்ன பாட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அடியில் நாலைந்து சொட்டு இருந்தது. காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கும் என் மச்சானிடம் கொடுத்தேன். அதில் ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டார், கரு ஊதாவாக மாறியது. கரைந்த தங்கம் இருந்தால் அப்படித்தான் மாறுமாம். பத்தர் உரைத்தது சுத்தத் தங்கம்தான், ஆனால் அது என் போர்டில் இருந்து வந்ததில்லை. அவரே பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றி, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. ஆசிட் ஊற்றியபோது பழுப்புப் புகை கிளம்பியது. என் கடைப் பையன் பக்கத்தில்தான் நின்றான். அப்போது லேசான இருமல்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் அம்மா போன் செய்தார், மூச்சு விட முடியவில்லை என்று. நைட்ரஜன் டை ஆக்சைடு புகை அப்படித்தானாம். முதலில் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். அந்த அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். பதிவு பெறாதவர்கள் மின்கழிவை மறுசுழற்சி செய்யக் கூடாது என்று 2022 மின்கழிவு விதிகள் சொல்கின்றன, 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கின்றன. கொல்லையில் ஆசிட் ஊற்ற இடம் கொடுத்தது என் தப்பு. உங்கள் கடைக்கு அப்படி யாராவது வந்தால், பாட்டிலைத் திறக்கவே விடாதீர்கள். பையன்களை உடனே வெளியே அனுப்பிவிடுங்கள்.