முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: டிக்கா டி1எக்ஸா, டி3எக்ஸா?

இரண்டும் போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடும் ரைஃபிள்கள்; ஃபின்லாந்தின் சாக்கோ ஆலையில் செய்யப்படுபவை. அமெரிக்காவில் துல்லியச் சுடுதல் பழக நினைப்பவர் இரண்டையுமே கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

டி3எக்ஸை 6.5 கிரீட்மோரில் வாங்கலாம். 2007-இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்த தோட்டா அது. 1000 கஜத்தில் சுட ஆசை என்றால் இதுதான், பேச்சே இல்லை.

ஆனால் முதல் துப்பாக்கி என்றால் .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் டி1எக்ஸைத்தான் நான் சொல்வேன். தோட்டா விலை மிகவும் குறைவு, மனம்போல் பழகலாம். உதைப்பு அநேகமாக இல்லை. அதனால் விசையை வெடுக்கென்று இழுத்தால் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) குறுக்குக்கோடு இலக்கைவிட்டு நகர்வது கண்ணெதிரே தெரியும். குண்டு மெதுவாகப் போவதால் 100 கஜத்திலேயே காற்று அதைத் தள்ளிவிடும். காற்றைக் கணிக்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. டி3எக்ஸுக்கான ஸ்டாக்குகள் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டைகள்) பலவும் இதற்குப் பொருந்தும்.

அப்புறம் ஸ்கோப். எதற்கானாலும் மில் என்ற கோண அளவுக் கணக்கில் வாங்குங்கள்: திருகை ஒரு கிளிக் (0.1 மில்) திருப்பினால், 100 மீட்டரில் குண்டு படும் இடம் சரியாக 1 செ.மீ. நகரும். டி1எக்ஸுக்கு பாராலக்ஸை (கண் அசைந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியும் பிழையை) சரிசெய்யும் தூரம் 25 கஜம்வரை இறங்க வேண்டும். டி3எக்ஸுக்கு அது தேவையில்லை. உதைப்பைத் தாங்கும் உறுதிதான் முக்கியம்.