முப்பதைத் தாண்டியும் விடாத பரு: எதற்கு எது கேட்கும்?

பத்தாம் வகுப்பில் தோழிகள் எல்லாம் பருவோடு திண்டாடியபோது என் முகம் துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. கொடுத்துவைத்தவள் என்றார்கள். அந்தப் பாக்கி முப்பத்திரண்டாவது வயதில் வட்டியோடு வந்தது. கன்னத்தில்கூட இல்லை, தாடையோரம், காதுக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில். தொட்டால் வலிக்கும், வெளியே தலைகாட்டாது. பத்து நாள் உள்ளேயே கிடந்துவிட்டுப் போகும்போது ஒரு கரும்புள்ளியை வைத்துவிட்டுப் போகும்.

“உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி” என்றார் மாமியார். “தண்ணி நெறைய குடிங்க” என்றார்கள் ஆபீஸில். மருந்துக்கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த ட்யூபிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்குகிறேன். ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் நான் பூசியதிலும் விழுங்கியதிலும் மிக வேகமாக வேலை செய்தது அதுதான். ஒரே வாரத்தில் வீக்கம் வற்றியது, பத்தாம் நாள் முகம் பளிச்சென்று ஆனது. மூன்றாவது மாதம் ட்யூப் தீர்ந்து இரண்டு நாள் பூசாமல் விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கன்னம் மிளகாய் அரைத்த கை பட்டதுபோல எரிந்தது, சிவந்தது, பொடிப்பொடியாக முன்னைவிட அதிகம் முளைத்தது. திரும்பப் பூசினால் அடங்கும், விட்டால் எரியும். ட்யூபின் பின்புறத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மோமெட்டசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. இந்த மூவர் கூட்டணி மங்குக்காக, டாக்டர் மேற்பார்வையில், சில வாரங்கள் மட்டும் பூச வேண்டியது. இதைப் பல மாதம் தொடர்ந்தால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், கன்னத்தில் பூனைமுடி வளரும், பருவும் ஸ்டீராய்டாலேயே வரும். இந்தியாவில் இப்படிக் கெட்டுப்போன முகங்கள் மிக அதிகமானதால் 2018-ல் இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று மத்திய அரசு விதியை இறுக்கியது. நான் வாங்கியது அதற்குப் பிறகு. சீட்டு கேட்டவர் யாருமில்லை. பெட்டியில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும் பருவுக்கு அது வேண்டாம். ஏற்கனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், ஸ்கின் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

இனி உருப்படியான போட்டியாளர்கள்.

அடாபலீனா, பென்சாயில் பெராக்சைடா?

மேல்பூச்சு என்று வந்தால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் செய்யும் வேலை வேறு. அடாபலீன் வைட்டமின் ஏ வகையறா. மயிர்க்கால் துளையில் செத்த செல்கள் ஒட்டி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். அதாவது வந்த பருவைவிட, வரப்போகும் பருவை அதிகம் கவனிக்கும். பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் என்று நெற்றியெல்லாம் சொரசொரப்பாக இருப்பவர்களுக்கு இதுவே முதல் சாய்ஸ். அமெரிக்காவில் 0.1 சதவீத ஜெல்லை 2016-லிருந்து சீட்டு இல்லாமலே விற்கிறார்கள்.

பென்சாயில் பெராக்சைடு பரு உண்டாக்கும் கிருமியை நேரடியாகக் கொல்லும். ஆன்டிபயாடிக் மாதிரி கிருமி இதற்குப் பழகிப்போவதில்லை. சிவந்து, சீழ் வைத்துப் பழுக்கும் பருவுக்கு இது அடாபலீனைவிடச் சீக்கிரம் கேட்கும். இதில் எல்லோரும் செய்யும் தவறு சதவீதத்தில். கடையில் 2.5, 5, 10 என்று கிடைக்கும். பத்து என்றால் நான்கு மடங்கு பலன் என்று மனசு கணக்குப் போடும். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது; ஏற ஏறக் கூடுவது எரிச்சல்தான். நம்முடைய மாநிறத் தோலில் எரிச்சலுக்கு அபராதம் தனி: எரிந்த இடமெல்லாம் கறுக்கும்.

இன்னொரு அபராதம் துணிக்கு. என் ஊதாநிறத் தலையணை உறையில் இப்போது காவி நிறத்தில் திட்டுத்திட்டாக ஒரு உலகப்படம் இருக்கிறது. நல்ல புடவை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றின் சாயத்தையும் இது தின்றுவிடும். வெள்ளை உறை வாங்குங்கள். ட்யூபை வெயில் விழும் ஜன்னலோரத்திலோ காருக்குள்ளோ வைக்காதீர்கள். சூட்டில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம்.

இரண்டையும் சேர்த்தே பூசலாம் என்பதுதான் அடாபலீனின் பெரிய சாதகம். இரண்டும் கலந்த ஜெல்லே வருகிறது. அதன் அண்ணன் ட்ரெடினாயினுக்கு அந்தச் சௌகரியம் இல்லை: பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் அது வீரியம் இழக்கக்கூடும், வெளிச்சத்திலும் சிதையும், எரிச்சலும் கூடுதல். சுருக்கத்துக்கும் சேர்த்துப் பூசுகிறேன் என்பவர்கள் அதன் பக்கம் போகட்டும். பருவுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு அடாபலீனுக்கு.

பூசும் விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். பருமேல் புள்ளி வைக்கும் மருந்து இல்லை இது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. (பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, காய்ந்தது என்றார்.) முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, இரவில். முதல் இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவி அதன்மேல் பூசலாம். காலையில் சன்ஸ்க்ரீன். கர்ப்பமாக இருந்தாலோ அந்தத் திட்டம் இருந்தாலோ அடாபலீன், ட்ரெடினாயின் இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை முகம் முன்னைவிட மோசமாகத் தெரியலாம். பலர் ட்யூபைக் குப்பையில் போடுவது அந்த வாரங்களில்தான். பலன் சொல்ல 12 வாரம் வேண்டும். பத்து நாளில் பளிச்சிட வைத்த அந்த ட்யூபையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், வேகத்தைப் பார்த்து மருந்தை எடைபோடக்கூடாது என்பது எனக்கு உறைத்தது.

மற்ற பூச்சுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கிளிண்டாமைசின் ஜெல் சுகமாக இருக்கும், எரியாது. ஆனால் தனியாகப் பூசினால் கிருமி பழகிவிடும், பெராக்சைடு துணையோடுதான் பூச வேண்டும். சாலிசிலிக் அமிலம் 2 சதவீத ஃபேஸ்வாஷ் லேசான எண்ணெய்ப்பசைக்கு ஓகே, என் தாடைக்கட்டிகளை அது அசைக்கக்கூட இல்லை. அசலாயிக் அமிலம் மட்டும் விளம்பரம் இல்லாத நல்ல பிள்ளை: பருவும் குறையும், விட்டுப்போன கறையும் மெல்ல மங்கும், கர்ப்பிணிகளும் பூசலாம். பூசியதும் கொஞ்ச நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி அரிக்கும், அவ்வளவுதான்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மாமியார் கோபித்துக்கொள்வார். கடலை மாவும் பயத்தம் மாவும் கெடுதல் செய்யவில்லை. பருவைப் போக்கவும் இல்லை. முல்தானி மிட்டி எண்ணெயை இரண்டு மணி நேரத்துக்கு உறிஞ்சும். எலுமிச்சையும் டூத்பேஸ்ட்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கினால் நெற்றியோரம் பொடிப்பரு வரும், அதையும் கவனிக்க வேண்டும்.

அதே நெற்றியில், எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு, வியர்த்தால் கூடுவதாக இருந்தால் அது பருவே இல்லாமல் இருக்கலாம். மயிர்க்காலில் வரும் பூஞ்சைத் தொற்று அது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதிகமாகும். கீட்டோகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்துக்குத்தான் கேட்கும்.

மாத்திரை என்று வந்தால்

மூன்று பேர் களத்தில் நிற்கிறார்கள்: டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின், பெண்களுக்கு மட்டும் ஸ்பைரோனோலாக்டோன். மூன்றுமே டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான்.

டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக். வீக்கத்தை அடக்குவதில் கெட்டி. மூன்று, மிஞ்சினால் நான்கு மாதம்; அதற்குமேல் ஓட்டக்கூடாது. மேல்பூச்சு இல்லாமல் இதை மட்டும் விழுங்கினால் நிறுத்திய கையோடு பரு திரும்பும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டு அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒருநாள் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, இரண்டு நாள் இட்லிகூட நெஞ்சில் குத்தியது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக ஏறாது. வெயிலும் சீக்கிரம் சுடும்.

ஐசோட்ரெடினாயின் வேறு ஜாதி. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இதற்கு இணையாகப் பருவை வேரோடு வற்றவைக்கும் மருந்து இன்றுவரை வேறில்லை. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். என் தம்பிக்கு இருபத்தொன்பது வயது; முதுகிலும் தோளிலும் கட்டி கட்டியாக வந்து குழி விழத் தொடங்கியிருந்தது. அவனுக்கு எழுதியது இதைத்தான். வழக்கமான கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்வரை சில மாதங்கள். கொழுப்போடு சாப்பிட்டால்தான் நன்றாக ஏறும் என்பதால் மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக டாக்டர் சொல்லி நெய் ஊற்றிக்கொண்டவன் அவன்தான்.

விலை உதட்டில் தெரிந்தது. வாயோரம் வெடித்து, வத்தக்குழம்பைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பான். ஆறு மாதம் தயிர்சாதம்தான். வாசலின் டப்பா சட்டைப்பையிலேயே இருந்தது. கல்லீரலுக்கும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மாத்திரை சாப்பிடும் காலத்திலும் முடிந்து ஒரு மாதம்வரையும் ரத்ததானம் கூடாது. டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துப் போடவே கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடும் அபாயம் உண்டு. மனச்சோர்வு தட்டினால் டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னார்கள். ஏழாம் மாதம் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். பழைய குழிகள் இருந்தன, புதுக்கட்டி ஒன்றுகூட இல்லை.

பெண்களுக்கு இந்த மருந்தில் ஒரு சிவப்புக்கோடு இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். மாத்திரை தொடங்கும் முன்பு கர்ப்பப் பரிசோதனை, சாப்பிடும் காலம் முழுக்கவும் முடிந்து ஒரு மாதமும் நிச்சயமான கருத்தடை. இதைக் கேட்காமலே சீட்டு எழுதும் இடத்தில் இன்னொரு நிமிடம் உட்காராதீர்கள்.

எனக்கு ஸ்பைரோனோலாக்டோன். அடிப்படையில் இது ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் கொடுக்கும் பழைய மாத்திரை. ஆண் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதைத் தடுப்பது அதன் உபரி குணம். தாடையோரம் வரும், மாதவிடாய்க்கு முந்தின வாரம் பெருகும் பருவுக்கு இதுதான் பொருத்தம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்பே மாதவிடாய் தள்ளிப்போகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று கேட்டு, பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்றும் பார்த்தார்.

இங்கேயும் பொறுமைக் கணக்குத்தான். பிரிட்டனில் 410 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 12-வது வாரத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேர் தேவலை என்றார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 68. பெரிய வித்தியாசம் இல்லை. 24-வது வாரத்தில் அது 82-க்கு 63 ஆனது. மூன்றாம் மாதம் நிறுத்தியிருந்தால் இந்த மருந்தை வீண் என்று எழுதியிருப்பேன்.

குறைகள்? அடிக்கடி பாத்ரூம். முதல் மாதங்களில் மாதவிடாய் தாறுமாறு. சட்டென்று எழுந்தால் லேசாகத் தலைசுற்றல். பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இதுவும் கூடாது. நிறுத்தினால் பரு மெல்லத் திரும்ப வரவும் செய்யும். ஐசோட்ரெடினாயின் இங்கே ஒரு படி மேல், அது முடிந்த பிறகு பலருக்குப் பல வருடம் வராமலே இருக்கிறது. ஆண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோனை எழுதுவதில்லை, மார்பு பெருக்கும்.

ஆக, என்னிடம் யாராவது கேட்டால் இப்படித்தான் பிரிக்கிறேன். சொரசொரப்பும் சின்னப் பருவும் என்றால் அடாபலீனும் 2.5 பெராக்சைடும், மூன்று மாதம், வேறெதையும் இடையில் நுழைக்காமல். தாடையோரம், மாதக்கணக்கோடு வருகிறது என்றால் ஹார்மோன் பக்கம் பார்க்கும் டாக்டர். குழி விழ ஆரம்பித்துவிட்டதென்றால் ஒரு ட்யூபிலிருந்து இன்னொரு ட்யூபுக்குத் தாவி வருடத்தைக் கழிக்காமல் ஐசோட்ரெடினாயின் பற்றி நேராகவே கேட்பது. பருவை வற்றவைக்கலாம், விழுந்த குழியை மூடுவதற்கு லேசர், ஊசி என்று செலவு அதற்கு அப்பால் தனியாக நிற்கும்.

இப்போது எனக்கு மாதத்துக்கு ஒன்று வருகிறது, இடது தாடையில், நாள் தவறாமல். கிள்ளுவதில்லை. தலையணை உறையை மட்டும் இன்னும் மாற்றவில்லை.