எந்த மேசைக்கு எந்த உரிமை: ஒரு மாணவர் இதழை ஏழு ஆண்டுகள் படித்த அனுபவம்

பெர்லினில் தமிழர்களுக்கு உரைபெயர்ப்பு செய்வது என் தொழில். மருத்துவமனை, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகம், குடியிருப்போர் பதிவு என்று வாரத்தில் ஐந்து நாளும் யாராவது ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். 2018 இலையுதிர்காலத்தில், இந்த நகரத்தில் பொதுக்கொள்கையும் ஆட்சி நிர்வாகமும் படிக்கும் முதுகலை மாணவர்கள் தாங்களே நடத்தும் ஓர் ஆங்கில இதழ் என் கைக்கு வந்தது. ஒருவர் படித்துவிட்டு ரயிலில் வைத்துவிட்டுப் போன பிரதி அது. அன்றிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். ஏழு ஆண்டுகளில் அது எனக்கு என்ன செய்தது என்று எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

இதழின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். நடத்துகிறவர்கள் இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். வேலை தேடும் வயதில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் என் குறைகள் நிற்க வேண்டாம். மாணவர் இதழ்தானே என்று லேசாக நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களின் அரசியல் இதழ் 1969இல் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான அல் கோர்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மன் அலுவலகம் எதற்குப் போனாலும் ஒரு நாளில் ஒரு முறையாவது காதில் விழும் சொல் அது: ‘சூஷ்டெண்டிஷ்கைட்’. “இது எங்கள் சூஷ்டெண்டிஷ்கைட் இல்லை” என்பார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். நான் அதை “இது எங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்” என்று தமிழில் சொல்வேன். கேட்பவர் முகம் சுருங்கிவிடும். தமிழில் அந்த வாக்கியம் கையை உதறுவதுபோல ஒலிக்கிறது. ‘உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை’ என்றுதான் அது போய்ச் சேருகிறது. அந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எனக்குப் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை.

கிடைத்தது இந்த இதழில்தான். ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு மாணவி, தான் முகவரி பதிவு செய்யப் போன கதையிலிருந்து தொடங்கியிருந்தார். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரரின் எழுத்துச் சான்றும் வேண்டும் என்பது 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம். அதைச் செயல்படுத்துவது நகரத்தின் வட்டார அலுவலகம். அந்தக் கட்டுரை எந்த அரசு வேலையையும் மூன்று கேள்விகளால் பிரித்துப் பார்க்கச் சொன்னது. யார் முடிவெடுக்கிறார்? யார் பணம் கொடுக்கிறார்? யார் கையால் அது நடக்கிறது? மூன்றுக்கும் ஒரே பதில் வருவது இந்த நாட்டில் அபூர்வம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: “இந்த மேசைக்கு அந்த உரிமை இல்லை.” இன்றும் அந்தப் பிரதி என்னிடம் இருக்கிறது.

வீட்டு வாடகை உதவித்தொகைக்கு இந்த மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்தேன். சட்டம் கூட்டாட்சி அரசுடையது. பணத்தில் பாதி கூட்டாட்சி அரசும் பாதி மாநிலமும் கொடுக்கின்றன. மனுவைப் பிரித்துப் படிப்பதோ பெர்லினின் 12 வட்டாரங்களில் ஒன்றில் இருக்கும் ஊழியர். 2023 ஜனவரியில் சட்டத்தை விரிவாக்கி, நாடு முழுவதும் சுமார் 6 லட்சம் குடும்பங்களாக இருந்ததை 20 லட்சம் வரை தகுதி பெறும்படி செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் முடிவெடுத்த இடம் வேறு, கோப்பு குவிகிற இடம் வேறு. அந்த வசந்தத்தில் மாதக்கணக்கில் பதில் வராமல் தவித்தவர்களுக்கு இதை விளக்க என்னால் முடிந்தது. ஊழியர் சோம்பேறி என்று கோபித்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் ஆறினார்கள்.

இதைவிடப் பெரிய உதவி வாடகை உச்சவரம்புச் சட்டத்தின்போது கிடைத்தது. பெர்லின் நகரம் என்றாலும் தனி மாநிலமும்கூட. அந்த மாநில அரசு 2020 பிப்ரவரி 23 முதல் சுமார் 15 லட்சம் வீடுகளின் வாடகையை 2019 ஜூன் நிலையிலேயே நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அளவுக்கு மீறிய வாடகைகளைக் குறைக்கவும் செய்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகத் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு நான் அடிக்கடி உரைபெயர்ப்பேன். அவருக்கும் வாடகை குறைந்தது. மீந்த பணத்தில் பேத்திக்கு ஒரு மேசை வாங்கினார். 2021 ஏப்ரல் 15 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அடுத்த சில வாரங்களில் பாக்கியைக் கட்டச் சொல்லி வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

“அரசாங்கம்தானே குறைத்தது, பிள்ளை? இப்போது ஏன் என்னிடம் கேட்கிறார்கள்? வாடகை நியாயம்தான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று நகரத்து நாளிதழ்கள் எல்லாம் தீர்ப்பைப் பற்றித்தான் எழுதின. ஆனால் வாசகருக்கு அடிப்படை தெரியும் என்று நினைத்து எழுதுகிறவை அவை. மாணவர் இதழ் அப்படி நினைக்கவில்லை, நினைக்கவும் முடியாது. எழுதுகிறவர்களே புதிதாக வந்தவர்கள். வாடகை விதிகளைக் கூட்டாட்சி அரசு உரிமையியல் சட்டத்தில் ஏற்கெனவே முழுமையாக வகுத்துவிட்டது. அதனால் அதே விஷயத்தில் மாநிலம் சட்டம் போட இடமில்லை. வாடகை நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. இவ்வளவையும் அவர்கள் ஒரு பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். நான் அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். “அப்படியென்றால் நான் பேராசைப்பட்டேன் என்று யாரும் சொல்லவில்லை” என்றார். அதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பாக்கிக்கு மாநில அரசு அறிவித்த வட்டியில்லாக் கடனுக்கு மனு எழுதி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

முதுகலைப் படிப்பு இரண்டே வருடம். முதல் வருடம் எழுதுவார், அடுத்த வருடம் ஆசிரியர் குழுவில் இருப்பார், அதற்கடுத்த வருடம் ஊரிலேயே இருக்க மாட்டார். இதை முதலில் பலவீனம் என்றுதான் நினைத்தேன். இப்போது இதழின் உயிரே அதில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பல நாடுகளிலிருந்து புதிய கண்கள் வந்து இறங்குகின்றன. இந்த ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்ட கேள்வியை அவை மறுபடியும் கேட்கின்றன. 575 அரசுச் சேவைகளை 2022 முடிவதற்குள் இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2017இல் ஜெர்மனி சட்டம் போட்டது, பெரும்பாலானவை வரவில்லை. இங்கே இருப்பவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு புதிய மாணவர் கூட்டமும் ஏன் என்று கேட்கிறது. 16 மாநிலங்களும் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளும் ஆளுக்கொரு மென்பொருளோடு நிற்கும் காட்சியைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல் எழுதுகிறது. நான் அலுக்காமல் படிக்கிறேன்.

குறைகள் உண்டு. ஆய்வேட்டுக் காலம் வந்தால் மூன்று மாதம் மூச்சே இருக்காது. பாதிக் கட்டுரைகள் கடைசிப் பத்தியில் யாருக்கு என்று தெரியாத பரிந்துரைகளை அடுக்கி முடிகின்றன. அந்தப் பத்தியை நான் தாண்டிவிடுவேன். ஜெர்மன் மொழியில் ஒரு வரி கிடையாது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க முடியாமல் போகிறது. அந்த மனிதர்களின் குரல் இதழில் மிகக் குறைவு. ஏழு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை ஒரு வட்டார அலுவலக ஊழியரின் பேட்டி வந்தது. காலையில் மேசையில் முதலில் எதை எடுத்து வைப்பீர்கள் என்று மாணவர் கேட்டிருந்தார். முத்திரையையும் தண்ணீர்ப் புட்டியையும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படி இன்னும் பத்துப் பேட்டிகள் வந்தால் பரிந்துரைகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

பொதுச் சேவையோடு தினமும் மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், தாதியர், என்னைப் போன்ற உரைபெயர்ப்பாளர்கள் தங்கள் ஊரில் இப்படி ஒரு மாணவர் இதழ் இருந்தால் தேடிப் படியுங்கள். பென்சில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அதே அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதிய விஷயம். எதிரே இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு வழக்கமான சொல்லைச் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்: “இதில் முடிவெடுக்கும் உரிமை இந்த மேசைக்கு இல்லை, அம்மா. வேறு மேசைக்கு இருக்கிறது.”

“எந்த மேசை என்று கேள், பிள்ளை” என்றார்.

கேட்டேன். அவர் ஒரு தாளில் முகவரியும் அறை எண்ணும் எழுதிக் கொடுத்தார்.